பழைய டிவி தானம் இல்லை, பாரம்

கோவில் தொண்டர் குழுவில் இருந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. திட்டணும்னு தோணுச்சுன்னா தாராளமா திட்டுங்க. ஆனா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

போன வாரம் அறிவிப்புப் பலகையில் நிர்வாகம் ஒரு தாள் ஒட்டியது. அதில் இருந்தது இரண்டே விஷயம். ஒன்று, இனிமேல் பழைய டிவி, கம்ப்யூட்டர் மானிட்டர் எதையும் கோவில் வாங்கிக்கொள்ளாது. இரண்டு, புது டிவியோ பெரிய திரையோ உபயம் செய்கிறவர்கள், அது பழுதான பிறகு முறையாக அப்புறப்படுத்தும் செலவுக்கு 30 வெள்ளி சேர்த்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் மழை. "சாமிக்குக் கொடுக்குறதுக்கே காசு கேக்குறீங்களா?" "கோவில் வியாபாரமா போச்சு." "நம்ம அப்பா காலத்துல இப்படியெல்லாம் இல்ல."

உண்மைதான். அப்பா காலத்தில் இப்படி இல்லை. அப்பா காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு டிவி, அதுவும் இருபது வருஷம் ஓடும். இப்போது நம் தாமானில் ஹாலுக்கு ஒன்று, ரூமுக்கு ஒன்று, பிள்ளைங்க படிக்கிற மேஜையில் ஒன்று. ஐந்தாறு வருஷத்தில் கோடு விழுந்துவிடும். ரிப்பேர் கடைக்காரர் "பேனல் மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் அண்ணே" என்பார். புதுசு வீட்டுக்கு வரும். பழசு எங்கே போகும்?

கோவிலுக்குத்தான் வருது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் அறையை நவராத்திரிக்கு முன்னால் சுத்தம் செய்தோம். கொலுப் படிகள், விளக்குகள், அண்டா, பாய் எல்லாம் இருக்க வேண்டிய அறை. அங்கே டிவியும் மானிட்டருமாக 17 இருந்தது. பெரிய குண்டு டிவி ஆறு. மீதி தட்டை டிவியும் மானிட்டரும். ஆன் செய்து பார்த்ததில் படம் தெரிந்தது இரண்டில் மட்டும். சிலதை நிர்வாகத்திடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பலதை ராத்திரியோட ராத்திரியா பின் கேட் பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உடைந்த சாமி படங்களைக் கொண்டுபோய் மரத்தடியில் வைக்கிறோமே, அதே பழக்கம். குப்பையில் போட மனசு வரலை, அதனால கோவில்ல விட்டுடுவோம். கையைக் கழுவின மாதிரியும் ஆச்சு, புண்ணியம் சேர்த்த மாதிரியும் ஆச்சு.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையாவது தேவலாம். அதில் பிள்ளையாருக்கு நல்ல தேங்காயாவது கிடைக்கும். இங்கே கோவிலுக்குக் கிடைப்பது உடைந்த ஓடு. அதை முறையாக அனுப்ப லோரி வாடகையும் கூலியும் சேர்த்து அன்னதானக் கணக்கில் இருந்து 350 வெள்ளி எடுக்க வேண்டியதாப் போச்சு. நூறு பேர் சாப்பிட வேண்டிய காசு, யாரோ பார்த்து முடித்த டிவிக்குப் போனது.

"ஒரு பழைய பெட்டிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம், குப்பை லோரி வந்தா தூக்கிட்டுப் போறான்" என்று ஒரு ஐயா கேட்டார். அவருக்கும் எல்லாருக்கும் சேர்த்து, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்குன்னு சொல்கிறோம்.

குண்டு டிவியின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுக்க அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். பெரிய டிவி என்றால் ஈயம் மட்டுமே கிலோ கணக்கில் இருக்கும். ஆரம்ப கால தட்டை டிவிகளில் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருவது மெல்லிய குழல் விளக்குகள். அதில் பாதரசம். இப்போது வரும் எல்இடி டிவியில் பாதரசம் இல்லை, ஆனால் சர்க்யூட் போர்டும், தீப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்த பிளாஸ்டிக்கும் இருக்கு. முழுசாக இருக்கும் வரை ஒன்றும் செய்யாது. உடைத்தால், எரித்தால், மழையில் போட்டால்தான் வினை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எங்கள் குழுவில் பாதிப் பேர் பேக்டரி ஆட்கள். முப்பது வருஷமா லைனில் நிற்கிறவர்கள். பேக்டரியில் ஒரு மானிட்டர் கெட்டுப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைப்படி அது எஸ்டபிள்யூ 110. அதற்குத் தனி இடம், லேபிள், தேதி, எடை எல்லாம் வேண்டும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னுக்கு மேல் சேரக் கூடாது. சுற்றுச்சூழல் துறையின் லைசென்ஸ் வைத்திருக்கிற கான்ட்ராக்டர்தான் எடுத்துப் போக வேண்டும். எங்கிருந்து எங்கே போகுதுன்னு கம்ப்யூட்டரில் பதிவு. தவறினால் லட்சக்கணக்கில் அபராதம். ஆடிட் வருகிற வாரம் எங்களுக்குத் தூக்கமே இருக்காது.

அதே மானிட்டர், அதே மாடல், நம்ம வீட்டு மேஜையில் இருந்து கெட்டுப் போனால்? லேபிள் இல்லை, தேதி இல்லை, கேட்க ஆளும் இல்லை. பேக்டரிக்குள் இருந்தால் விஷம், வீட்டுக்குள் இருந்தால் பழைய சாமான். ஒரே ஈயம்தானே ஐயா. வேலி தாண்டினதும் அது திருநீறாக மாறிடுமா?

இப்போது நடப்பது இதுதான். பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும். டிவியைக் கொடுத்தால் சில சமயம் அஞ்சு வெள்ளி கொடுப்பார், சில சமயம் சும்மா எடுத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்புச் சுருளும் போர்டும் வயரும். அதைப் பிடுங்கின பிறகு கண்ணாடிக் கூட்டை யார் வாங்குவார்? ஒரு காலத்தில் அந்தக் கண்ணாடியை உருக்கிப் புது டிவிக் குழாய் செய்தார்கள். இப்போது குண்டு டிவி செய்வாரே இல்லை. 2019 அக்டோபர் கடைசியோடு நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பையும் நிறுத்தியாச்சு. டிக்கோடர் வாங்கி மாட்டினால் அந்த டிவியும் ஓடும்தான். ஆனால் நிறைய பேர் அந்தச் சாக்கில் பெட்டியையே மாற்றிவிட்டார்கள். கழற்றின கூடு ஆற்றங்கரையிலும், செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும், தாமான் பின் சந்திலும் கிடக்கிறது. லோரிக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய? லாபம் இருக்கிற பாதியை அவர் எடுத்துக்கொண்டார். நஷ்டம் இருக்கிற பாதிக்கு யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை.

முழு விஷயமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கு. பழைய கைத்தொலைபேசியை வாங்க ஆள் இருக்கு, அதில் தங்கம், செம்பு எல்லாம் இருக்கு. பழைய திரையை ஒழுங்காகப் பிரித்து, விஷத்தைத் தனியாக எடுத்து, கண்ணாடியைப் பாதுகாப்பாக முடிக்க ஆகும் செலவு, அதில் கிடைக்கும் பொருளின் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். அந்த வித்தியாசத்தை யாராவது கட்டியே ஆகணும். யார் கட்டுவது, எப்போது கட்டுவது, இதுதான் கேள்வி.

தூக்கிப் போடும்போது கட்டலாமா? ஜப்பானில் அப்படித்தான். 2001 ஏப்ரலில் இருந்து டிவி, ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏர்கோன் எதைக் கழிக்கிறவரும் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். ஜப்பான்காரர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று நமக்குத் தெரியும். அங்கேயே கட்டணத்துக்குப் பயந்து மலை ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அந்த முறை வந்தால் நம் கோவில் பின் கேட் ஒரே வாரத்தில் நிரம்பிவிடும். கெட்டுப் போன பொருளுக்கு யாருக்கும் காசு எடுக்க மனசு வராது. மனுஷ குணம் அது.

வாங்கும்போது கட்டலாமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2003இல் சட்டம் போட்டு, 2005 ஜனவரி 1 முதல் அப்படிச் செய்கிறார்கள். புதுத் திரை வாங்குகிறவர் அதன் அளவைப் பொறுத்து 6, 8 அல்லது 10 டாலர் கூடுதலாகக் கட்டினார். ரசீதில் அது தனி வரியாக இருக்கும். கடைக்காரர் தன் வேலைக்கு 3 விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியை மாநில நிதிக்கு அனுப்புவார். அந்த நிதியில் இருந்து, பழைய திரையைச் சேகரிக்கிறவருக்கும் பிரிக்கிறவருக்கும் எடை பார்த்துப் பணம் போகும். அதனால் பழைய டிவியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வீட்டுக்காரருக்கு அங்கே செலவில்லை. சுவிட்சர்லாந்தில் இதைவிடப் பழைய ஏற்பாடு, 1990களில் இருந்தே நடக்கிறது. வாங்கும்போதே கட்டிவிடுவதால் பழையதைக் கடையில் சும்மா திருப்பிக் கொடுக்கலாம்.

இதில் இருக்கிற நியாயம் நமக்குப் புதுசு இல்லை. கும்பம் வைக்கும்போதே ஐயர் விசர்ஜனத்தையும் மனதில் வைத்துத்தான் வைக்கிறார். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு அனுமதி வாங்கும்போதே குப்பை அள்ள ஆள் யார் என்று பேசி முடிக்கிறோம். அர்ச்சனைச் சீட்டு வாங்காமல் அர்ச்சனை இல்லை, யாரும் சண்டை போடுவதும் இல்லை. அழைக்கத் தெரிந்தவனுக்கு வழியனுப்பவும் தெரியணும். 2,000 வெள்ளிக்கு டிவி வாங்குகிறவருக்கு அதை வழியனுப்ப 20, 30 வெள்ளி பாரமா?

இனி குழுவில் வந்த எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"கம்பெனி கட்டட்டும், நாம ஏன் கட்டணும்?" கேட்க நல்லாத்தான் இருக்கு. சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் மேல்தான் பொறுப்பு. புது டிவி கொண்டுவந்து இறக்குகிற கடை, வாடிக்கையாளர் கேட்டால் பழையதை இலவசமாக எடுத்துப் போக வேண்டும். நல்ல சட்டம், நமக்கும் வந்தால் கும்பிட்டு வரவேற்போம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கம்பெனிக்கு என்று தனியாகப் பணம் காய்க்கிற மரம் கிடையாது. அது கட்டுவதும் விலைக்குள் ஏறி நம் பையில் இருந்துதான் போகும். வித்தியாசம் ஒன்றுதான். விலைக்குள் ஒளிந்து போனால் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ரசீதில் தனியாக எழுதிக் கட்டினால் எவ்வளவு கட்டினோம், அது எங்கே போனது என்று கேட்கிற உரிமை நமக்கு வரும். நாங்கள் கேட்பது அந்த உரிமையை.

"இன்னொரு வரியா? ஜிஎஸ்டி பட்டது போதாதா?" இந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. 2015இல் 6 விழுக்காடு வந்தது, 2018இல் போனது, ஏறின விலை எத்தனை இறங்கியது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறோம், இது பொதுக் கஜானாவில் கலக்கிற வரியாக இருக்கக் கூடாது. தனிக் கணக்கு, வருஷா வருஷம் வெளியே காட்டுகிற கணக்கு. கலிபோர்னியாவில் 2009இல் நிதி பற்றாமல் கட்டணத்தை 8, 16, 25 டாலர் வரை ஏற்றினார்கள். அது நிற்கவில்லை, 2013இல் 3, 4, 5 டாலராகக் குறைத்தார்கள். தேவைக்கு ஏறும், தேவை குறைந்தால் இறங்கும். இறங்கத் தெரிந்த கட்டணத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கு. பினாங்கில் 2011இல் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு என்றதும் எவ்வளவு முணுமுணுப்பு! கொஞ்ச நாளில் எல்லார் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் துணிப்பை வந்துவிட்டது. இருபது காசில் யாரும் ஓட்டாண்டி ஆகவில்லை.

"ஏழைங்க என்ன செய்வாங்க?" இது நல்ல கேள்வி. நாங்களும் இதைத்தான் முதலில் யோசித்தோம். திரை சின்னதென்றால் கட்டணமும் சின்னதாக இருக்கட்டும், 75 இன்ச் வாங்குகிறவர் அதிகம் கட்டட்டும். பழைய டிவியைக் கைமாற்றி வாங்குகிறவருக்குக் கட்டணமே வேண்டாம், அது ஏற்கனவே கட்டியாச்சு. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கழற்றின கூடு எங்கே கொட்டப்படுது? பணக்காரர் தாமான் வாசலிலா? ஏழைகள் இருக்கிற பிளாட் பின்னால்தான், ஆற்றோரக் கம்போங்கில்தான். வயரை எரித்துச் செம்பு எடுக்கிற வேலையை யார் செய்கிறார்? கையுறை கூட இல்லாத கூலி ஆட்கள்தான். இன்றைக்கே ஏழைகள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காசாக இல்லை, உடம்பால். வாங்குகிறவர் 20 வெள்ளி கட்டாமல் விட்டால் அந்தக் கடனை ஊர் பெயர் தெரியாத ஒரு பிள்ளை அடைக்கிறது. ஏழைகளுக்காகப் பேசுவதாக இருந்தால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசணும்.

"இப்ப வீட்டுல இருக்கிற பழசுக்கு யாரும் கட்டலையே?" கட்டவில்லைதான். முதல் சில வருஷம் புதுசு வாங்குகிறவர்கள் கட்டுவதில் இருந்து பழசைத் தீர்க்க வேண்டியதுதான். கலிபோர்னியாவிலும் அப்படித்தான் செய்தார்கள். அப்பா போட்ட மரத்தில் பிள்ளை பழம் தின்கிறோம். அப்பா விட்ட குப்பையைப் பிள்ளை அள்ளுவது மட்டும் அநியாயமா?

கட்டணம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், பேப்பரில் "முடிந்தது" என்று எழுதுவது ஒன்று, வேலை முடிவது வேறு. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரத்தில் ஒரு நிறுவனம், மறுசுழற்சி செய்கிறோம் என்று சொல்லிக் காசு வாங்கி டிவிக் கண்ணாடியைச் சேர்த்தது. 2016இல் அது கைவிட்டுப் போனபோது கிடங்குகளில் 50,000 டன்னுக்கு மேல் ஈயக் கண்ணாடி அப்படியே கிடந்தது. அதனால் எங்கள் நிபந்தனையும் கறாரானது. கண்ணாடி கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, எடை போட்டு, ஆடிட் முடிந்த பிறகுதான் முழுப் பணம். பேக்டரிக்கு இருக்கிற அதே பதிவு, அதே கண்காணிப்பு வீட்டுத் திரைக்கும் வேண்டும். கோவில் திருப்பணியில் வேலை முடிந்து பார்த்த பிறகுதானே ஸ்தபதிக்குக் கடைசித் தவணை கொடுக்கிறோம்? அதே முறைதான்.

நாடு செய்கிற வரைக்கும் காத்திருக்காமல் நம் கோவிலில் ஒரு சின்ன அளவில் ஆரம்பித்திருக்கிறோம். அதுதான் அந்த 30 வெள்ளி. தனி நோட்டு, தனிக் கணக்கு. யார் கட்டினார்கள், எவ்வளவு இருக்கு, எதை எப்போது எங்கே அனுப்பினோம் என்று மூன்று மாசத்துக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மண்டபத்தில் இருக்கிற பெரிய எல்இடி திரைக்கும் அந்தக் கணக்கில் நிர்வாகமே கட்டியிருக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் தப்பிக்கக் கூடாது, இல்லையா?

பக்தர்களாகிய உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, பழைய டிவியை உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள், பின் கேட்டில் வைக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள மின்கழிவுச் சேகரிப்பு இடம் உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கு என்று சுற்றுச்சூழல் துறையிலோ நகராண்மைக் கழகத்திலோ கேளுங்கள். வயசானவர்கள், தூக்கிப் போக முடியாதவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். தம்பிமார்கள் வந்து சேகரிப்பு இடம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க உதவுவார்கள். கோவில் ஸ்டோருக்கு மட்டும் வராது.

இரண்டு, அடுத்த முறை டிவி வாங்கும்போது கடையில் கேளுங்கள், "பழசை எடுத்துப் போவீங்களா? எடுத்துப் போய் எங்கே கொடுப்பீங்க?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் மேலிடத்துக்குப் போன் செய்வார்.

மூன்று, திருவிழாவுக்கு ஒய்பி வருவார், மாலை போடுவோம், பெரிய அட்டையில் எழுதின காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்போம். எடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் ஒருவராவது கேளுங்கள்: "பேக்டரி மானிட்டருக்குச் சட்டம் இருக்கு, வீட்டு மானிட்டருக்கு எப்போ? வாங்கும்போதே கட்ட நாங்க தயார், தனிக் கணக்கு வைக்க நீங்க தயாரா?" மக்களே கட்டணம் கட்டத் தயார் என்று சொன்னால் அரசியல்வாதிக்குச் சாக்கு சொல்ல ஒன்றும் இருக்காது.

கோவிலுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதில் ஒரு சுத்தம் வேண்டும். வாடின பூவைச் சாமிக்குச் சாத்த மாட்டோம், அழுகின பழத்தைத் தட்டில் வைக்க மாட்டோம். ஈயக் கண்ணாடியை மட்டும் எப்படி உபயம் என்று சொல்ல மனசு வருது?

30 வெள்ளி கட்டச் சொன்னதில் வருத்தம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு வாங்க. கணக்கு நோட்டு மேஜையில் இருக்கும். தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம்.

ஸ்டோரில் இருந்த 17 திரையும் முறையான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. பதினெட்டாவது வர வேண்டாம்.


கோவில் தொண்டர் குழு